கடல் கிடந்த காரை

சென்ற ஆண்டு மார்கழித் திங்களில் என் தமையனார் மகன் அமெரிக்க நாட்டிலிருந்து திருவரங்கத்திற்கு வந்திருந்தான். அந்நாட்டின் தென்மேற்குப் பகுதியில் இரண்டு வாரம் காரிலேயே சுற்றியவன் அவன். அரிசோனா, யூட்டா மாநிலங்களின் பாலைநிலங்கள், கொலராடோ ஆறு அறுத்துச் சென்ற மாபெரும் பள்ளத்தாக்கு, ஆங்காங்கே அமைந்த தேசியப் பூங்காக்கள் ஆகிய அனைத்தையும் படம் பிடித்து வந்திருந்தான். வைகுண்ட ஏகாதசிக்கென வந்திருந்த உறவினர் கூட்டம் முழுவதும் அப்படங்களைச் சூழ்ந்துகொண்டது. செந்நிறப் பாறை அடுக்குகளும், அவற்றினிடையே நூல் போல ஓடும் ஆறும் கண்டு வியவாதார் இல்லை. "இப்படி ஓர் இடம் நம் பக்கத்தில் இல்லையே!" என்று பெருமூச்சு விட்டவரும் பலர்.

"இருக்கிறது; நாளைக் காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம்" என்றேன் நான்.

எவரும் நம்பவில்லை. அவன் மட்டும், "எங்கே சித்தப்பா?" என்று கேட்டான்.

காரை என்னும் சிற்றூரின் பெயரைச் சொன்னேன். கூட்டத்தில் திருச்சியிலேயே பிறந்து, திருச்சியிலேயே நரைத்தவர்கள் நால்வர் இருந்தனர். அந்நால்வருள் ஒருவரும் அவ்வூரைப் பற்றிக் கேள்வியுற்றிலர். கொலராடோ ஆற்றின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தம் ஊருக்கு வடகிழக்கே இருக்கும் காரையின் பெயர் தெரியவில்லை. இவ்வறியாமை ஏதோ ஒரு தகவல் குறைவு மட்டுமே ஆயின், அதனைப் பற்றி இத்துணை எழுத வேண்டுவதில்லை. பெயர் தெரியாத இடத்தை எவரும் காப்பதில்லை என்பதனாலேயே எழுதுகின்றேன்.

மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டோம். புவியியல் கற்பித்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவரும் உடன் வந்தார். திருவானைக்காவைக் கடந்து கொள்ளிடப் பாலத்தின்மேல் சென்றபோது வண்டியை மெதுவாகச் செலுத்தச் சொல்லித் திரும்பிப் பார்த்தோம். ஒரு பக்கம் அரங்கத்தின் இராசகோபுரம். மறுபக்கம் மலைக்கோட்டைப் பாறை. கோபுரம் 1987-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. உயரம் 236 அடி. பாறையில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் 7-ஆம் நூற்றாண்டினது. நாம் பழமை என்று போற்றுவன இவை.

நண்பர் ஒரு கணக்குச் சொன்னார். காரையிலும் அதனை அடுத்த சாத்தனூரிலும் நாம் காணப்போகும் பொருள்களின் வயது ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டு. அப்பத்துக் கோடி ஆண்டையும் இராசகோபுரத்தின் முழு உயரமாகக் கொண்டால், மகேந்திரவர்மன் காலந்தொட்டு இன்றுவரை கழிந்த காலம் அதன் உச்சியில் ஒரு மில்லிமீட்டர் கனமே ஆகும்! கலசத்தின்மேல் பூசிய பூச்சின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். என் தமையன் மகன் கைப்பேசியை எடுத்துப் பெருக்கி வகுத்துப் பார்த்து, "சரியாகத்தான் வருகிறது" என்றான்.

சமயபுரம், சிறுகனூர் ஆகிய ஊர்களைக் கடந்து பாடாலூரை அடைந்தோம். அதுவரை சாலை சென்னை நோக்கிச் செல்லும் பெருவழி. விரைந்து செல்லும் வண்டிகளே அன்றிச் சொல்லத்தக்க காட்சி ஒன்றும் இல்லை. பாடாலூரில் கிழக்கே திரும்பியதும் ஊர்ப்புறச் சாலை தொடங்கிற்று. பருத்தியும் சோளமும் விளையும் கரிசல் நிலம் இருபுறமும் விரிந்தது. இப்பக்கத்தில்தான் ஊட்டத்தூர் இருக்கிறது. சிவபெருமான் கோயிலால் அடியார்கள் அவ்வூரை அறிவார்கள். உலகெங்கும் உள்ள நிலவியல் அறிஞர்களோ அதன் பெயரை வேறொரு காரணத்தால் அறிவார்கள். பிளான்போர்டு என்னும் ஆங்கில அறிஞர் 1862-இல் இப்பகுதியின் பாறை அடுக்குகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, கீழுள்ளதற்கு ஊட்டத்தூர் என்றும், நடுவில் உள்ளதற்குத் திருச்சிராப்பள்ளி என்றும், மேலுள்ளதற்கு அரியலூர் என்றும் பெயரிட்டார். நம்மூர்ப் பெயர்கள் அன்றுமுதல் அறிவியல் நூல்களில் நிலைத்துவிட்டன. ஊட்டத்தூர்க்காரர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். "எங்கள் ஊரா?" என்று வியந்தவர், "அதில் எங்களுக்கு ஏதும் வருமா?" என்றும் கேட்டார். நேர்மையான கேள்வி, அதற்குப் பின்னர் வருவேன்.

காரையை நெருங்கியதும் கரிசல் முடிந்தது. நிலம் திடீரெனப் பிளவுண்டது. மஞ்சளும் வெண்சாம்பலும் துருவின் செம்மையும் கலந்த களிமண் மேடுகள் அலையலையாய் எழுந்து நின்றன. மேடுகளினிடையே வளைந்து வளைந்து செல்லும் பள்ளங்கள். புல் அரிது; மரம் அதனினும் அரிது. மேட்டின் சரிவுகளில் கண்ணாடித் துண்டுகளைப் போலப் பளபளத்தவை ஜிப்சம் என்னும் கனிமத்தின் தகடுகள். வண்டியிலிருந்து இறங்கிய அமெரிக்கப் பிள்ளை சற்று நேரம் வாய் திறவாது நின்றான். பிறகு, "அங்கே பார்த்ததன் குட்டி இது" என்றான்.

குட்டி என்பது உண்மையே. கொலராடோ ஆற்றின் பெரும்பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமும், ஆழமான இடங்களில் 1.6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. காரைப் பள்ளங்கள் ஒரு பனை உயரமும் இரா. அங்கே ஓயாது ஓடும் பேராறு வலிய பாறையை அறுத்தது. இங்கே ஆண்டில் சில நாள் பெய்யும் மழை மெல்லிய களிமண்ணைக் கரைக்கிறது. வேர் பிடித்து நிற்கும் செடிகொடிகள் இல்லாத களிமண்ணில் மழைநீர் முதலில் கீறல் இடும், கீறல் வாய்க்காலாகும், வாய்க்காலின் தலைப்பு மேட்டினுள் பின்னோக்கி அரித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு மழைக்கும் இந்நிலத்தின் உருவம் சிறிது மாறுகிறது. பெருமையில் இரண்டினையும் ஒப்பிடுதல் பேதைமை. ஆயினும் இந்தக் களிமண் எவ்வாறு இங்கு வந்தது என்று அறிந்தபின் சிறுமை என்னும் எண்ணம் நிற்காது.

இது கடலடியில் படிந்த சேறு. இந்தியப் பெருநிலம் அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்து தனியே நகரத் தொடங்கிய பின்னர், நிலத்தின் விளிம்பு உடைந்து தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல் புகுந்தது. நாம் பெருவழியில் விட்டுவந்த கரும்பாறை நிலமே அன்றைய கரை. காரை, அரியலூர், கல்லக்குடி எல்லாம் கடல். கல்லக்குடி என்றவுடன் 1953-இல் அவ்வூர்ப் பெயருக்காக நடந்த போராட்டமே நம் நினைவிற்கு வரும். அவ்வூரின் சுண்ணாம்புக்கல்லில் பழங்காலப் பவளத்திட்டு ஒன்று புதைந்து கிடப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கடல் இருந்ததற்குச் சான்று வேண்டுவோர் குனிந்து பார்த்தால் போதும். துப்பாக்கிக் குண்டு போன்று ஒருபுறம் கூர்த்த சிறு கற்கள் களிமண்ணில் சிதறிக் கிடக்கின்றன. அவை பெலம்னைட்டு எனப்படும், கணவாய் இனத்தைச் சார்ந்த உயிரிகளின் உடலுள் இருந்த உறுதியான பகுதி. சிப்பிகள் உண்டு. ஆட்டுக் கொம்பைப் போலச் சுருண்ட அம்மோனைட்டுகளும் உண்டு. அம்மோனைட்டைக் கண்டதும் எனக்கு எங்கள் வீட்டுப் பூசைப் பெட்டி நினைவிற்கு வந்தது. திருவரங்கத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் திருமஞ்சனம் கண்டருளும் சாளக்கிராமங்கள் நேபாள நாட்டுக் கண்டகி ஆற்றிலிருந்து வருபவை. அவற்றுள் சக்கரம் எனப்படும் சுருள், அம்மோனைட்டின் சுவடே ஆகும். பட்டுத் துணியில் வைத்துத் துளசி சார்த்திப் போற்றும் ஒரு கல்லின் உறவினம், மூன்று ஆற்றுக்கு அப்பால் அன்று, இரண்டு மணி நேரத் தொலைவில் மாடு மிதித்துக் கிடக்கிறது. இதனால் சாளக்கிராமத்தின் திருவும் குறையவில்லை. காரைக் கல்லின் மதிப்புத்தான் எனக்கு உயர்ந்தது.

அங்கிருந்து கொளக்காநத்தம் வழியாகச் சாத்தனூருக்குச் சென்றோம். அங்கே ஓடைக்கரையில் கல்லாகிக் கிடக்கும் அடிமரம் ஒன்றனை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் வேலியிட்டுக் காத்து வருகின்றனர். 18 மீட்டர் நீளம். ஊசியிலை மர இனம். பூக்கும் மரங்கள் உலகில் பெருகுவதற்கு முற்பட்ட காலத்து மரம் அது. ஆற்று வெள்ளம் அதனைக் கடலுக்கு அடித்துச் சென்றது. மணலும் சேறும் மூடின. நீரிற் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வோர் அணுவறையிலும் புகுந்து உறைந்தது. மரம் போயிற்று, அதன் உருவம் கல்லாய் நின்றது. இதனை 1940-இல் முதன்முதல் அறிவித்தவர் எம். எஸ். கிருட்டிணன். தஞ்சைத் தரணியிற் பிறந்து, பின்னர் அவ்வாய்வுத் துறையின் தலைவர் பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. சாத்தனூர் அன்று திருச்சி மாவட்டத்து ஊர். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானபோது திருச்சியின் கணக்கிலிருந்து நீங்கிற்று. நம்மவர் அதனை மறந்ததற்கு அதுவும் ஒரு காரணம் போலும்!

வேலியின் நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டபோது என் தமையன் மகன் ஒரு செய்தி சொன்னான். அரிசோனாவில் கல்மரக்காடு என்னும் பூங்கா ஒன்று உண்டு. 1906-இல் அரசு அதனைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. 1962-இல் தேசியப் பூங்காவாக உயர்த்தியது. அங்குள்ள கல்மரத் துண்டுகள் வானவில் நிறமுடையவை. காண வந்தவர்கள் ஆளுக்கொரு சிறு துண்டினைப் பையில் இட்டுச் சென்றார்கள். பின்னர் அவர்களுட் பலருக்கு நெஞ்சு உறுத்தவே, மன்னிப்புக் கடிதத்துடன் கற்களை அஞ்சலில் திருப்பி அனுப்பினார்கள். ஆயின் வந்த கல் காட்டில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று எவர்க்கும் தெரியாது. தவறான இடத்தில் வைத்தால் ஆய்வாளரை அது ஏமாற்றும். ஆதலால் அவற்றையெல்லாம் ஓரிடத்தில் குவித்து வைத்திருக்கிறார்களாம். அக்குவியலுக்கு மனச்சான்றுக் குவியல் என்றே பெயர்!

அவன் நகைத்துக்கொண்டே சொன்னான். எனக்கு நகைப்பு வரவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கல்லூரி நண்பர்களுடன் மிதிவண்டியில் இப்பக்கம் வந்து, என் உள்ளங்கை அளவுள்ள அழகிய அம்மோனைட்டு ஒன்றனைக் கொத்தி எடுத்துச் சென்றவன் நான். அந்தக் கல் இன்றும் என் மேசை அறையில் இருக்கிறது.

இதனை நண்பரிடம் சொன்னபோது அவர் என்னைக் கடியவில்லை. எடுத்துச் செல்வோர் இல்லையேல் இந்நிலத்தை உலகம் அறிந்திராது என்றார். அதுவும் மெய்யே. கே, கன்லிப் என்னும் இரு ஆங்கிலேயர் திரட்டி அனுப்பிய படிவங்களைக் கொண்டே எட்வர்டு போர்பசு 1846-இல் இலண்டனில் தென்னிந்தியப் படிவங்களைப் பற்றி எழுதினார். பிளான்போர்டும் அவருக்குப் பின் வந்த ஸ்டோலிக்ஸ்காவும் நான்கு பெருந்தொகுதிகளில் இவ்வுயிரினங்களை விரித்துரைத்தனர். நல்ல ஆசிரியர் சிலர் இன்றும், "மாணவன் கையிலே ஒரு கல் இருந்தால் அவன் அறிவியலன் ஆவான்" என்று கருதுகின்றனர். அக்கருத்தை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். ஆயினும் ஆய்வாளன் எடுக்கும் கல்லுக்கும் நான் எடுத்த கல்லுக்கும் வேறுபாடு உண்டு. அவன் கல்லை எடுக்குமுன் இடத்தைக் குறித்துக்கொள்கிறான்; எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம், அருகில் யாது கிடந்தது என்றெல்லாம் எழுதுகிறான். கல்வெட்டிலிருந்து ஓர் எழுத்தைப் பெயர்த்தெடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டால் அஃது எழுத்தாக இருக்குமேயன்றிச் செய்தியாக இராது. நான் செய்தது அதுவே.

இழப்பு எத்தகையது என்பதற்குக் கல்லமேட்டின் கதை ஒன்று போதும். அரியலூர்ப் பகுதியைச் சேர்ந்த அவ்விடத்தில் மிகப் பெரிய எலும்புகள் சில கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்னும் ஆய்வாளர்கள் 1987-இல் அவற்றிற்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். பெரிய உடல் கொண்ட பல்லி என்பது பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று அளவிட்டனர். அளவு சரியாயின், நிலத்தில் நடந்த உயிர்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கும். உலக அறிஞர்கள் சிலர் ஐயுற்றனர். எலும்புகளை மீண்டும் காண விரும்பினர். காண எலும்புகள் இல்லை. மழையில் ஊறிப் பிளந்திருந்த அவை பொடிந்து போயின என்பது 2017-இல் அச்சில் வெளிவந்தது. எஞ்சியவை படங்களும் அளவுகளுமே. உலகின் பேருயிர் நம் மண்ணில் நடந்ததா என்ற கேள்விக்கு இனி உறுதியான விடை கூறுவது அரிது.

மழை அழிப்பதை யார் தடுக்க முடியும் என்று கேட்கலாம். மழை அழிப்பது ஒரு பங்கு. அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்கள் பல. நம் வீட்டுச் சுவர்களில் உள்ள சிமெண்டு அங்கிருந்து வருகிறது. ஆதலால் வெட்டுவோரை மட்டும் குற்றம் கூறிவிட்டுக் கைகழுவ நமக்கு உரிமை இல்லை. சுரங்கம் வெட்டியதனாலேயே வெளிப்பட்ட படிவங்களும் உண்டு. ஆயின் வெட்டும் இடத்தில் காண்பவன் ஒருவன் நிற்க வேண்டும். பொறி ஒரு நாளில் அள்ளும் மண்ணில் எத்தனை ஊழிகளின் ஏடுகள் போகின்றன என்பதனைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஒருவனை வைப்பது பெருஞ்செலவு ஆகாது.

சிலைக்கும் கல்வெட்டுக்கும் காவலாகச் சட்டம் நமக்கு உண்டு. நிலவியல் மரபிடங்களுக்கும் புதைபடிவங்களுக்கும் தனிச்சட்டம் வேண்டும் என்று நடுவண் அரசின் சுரங்க அமைச்சகம் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் ஒரு வரைவை வெளியிட்டது. அமெரிக்கர் தம் முதல் தேசியப் பூங்காவை 1872-இல் அமைத்தனர். நாமும் முற்றிலும் வாளா இருந்தோம் அல்லோம். சாத்தனூர் மரத்திற்கு வேலி உண்டு, விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்மரப் பூங்கா உண்டு, அரியலூரை அடுத்த வாரணவாசியில் படிவ அருங்காட்சியகம் உண்டு. காரைக்கு அத்தகைய காவல் வேண்டும் என்பதே என் கருத்து.

காவல் என்றவுடன் சிலர் மனத்தில் ஊஞ்சலும் படகும் உணவு விடுதியும் தோன்றுகின்றன. அவற்றை நான் விரும்பவில்லை. களிமண் மேட்டின்மேல் படி கட்டினால் அடுத்த மழையில் படியும் போகும், மேடும் போகும். எல்லைக் கல், தமிழில் தெளிவாக எழுதிய பலகை, நடக்க வேண்டிய வழி, இவை போதும். இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. ஊட்டத்தூர்க்காரர் கேட்டாரே, "எங்களுக்கு ஏதும் வருமா?" என்று! வர வேண்டும். காரையிலும் கொளக்காநத்தத்திலும் பிறந்த இளைஞர்களைப் பயிற்றி, வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஊதியத்துடன் அமர்த்த வேண்டும். அவர்கள் ஆடு மேய்த்த மேடுகள் இவை. எந்த மழைக்குப் பின் எந்தச் சரிவில் புதிய கல் தலைகாட்டும் என்பது நகரத்து அறிஞரைவிட அவர்களுக்கே தெரியும். ஊராருக்கு வாழ்வு தராத வேலியை ஆடும் தாண்டும், ஆளும் தாண்டுவான்.

பள்ளிப் பிள்ளைகளை இங்கே அழைத்து வர வேண்டும். ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலா என்று உதகைக்கும் மைசூருக்கும் இரவெல்லாம் பேருந்தில் செல்லும் திருச்சிப் பள்ளிகள், ஓர் ஆண்டேனும் அரைநாள் இப்பக்கம் வரலாம். மாணவர்களே, வந்தால் குனிந்து பாருங்கள், தொட்டுப் பாருங்கள், கிடக்கும் நிலையிலேயே வரைந்துகொள்ளுங்கள். வரைவதற்குச் செலவாகும் கால் மணி நேரத்தில் கண் காண்பது, பையில் இட்டுச் சென்ற கல்லை நாற்பது ஆண்டு வைத்திருந்தாலும் காணக் கிடைக்காது. நான் வைத்திருந்து பார்த்தவன்.

பொழுது சாயும் வேளையில் திரும்பினோம். கொள்ளிடப் பாலத்தில் விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன. வீடு சேர்ந்ததும் நண்பர் அந்த அம்மோனைட்டைக் கேட்டார். மேசை அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல கல். காரையில் எந்தப் பக்கத்தில் எடுத்தாய்?" என்றார்.

ஓடையின் அருகில் என்று நினைவு. வடகரையா தென்கரையா என்பது தெரியவில்லை. கொளக்காநத்தம் போகும் வழியில் எடுத்திருக்கவும் கூடும். அவர் ஒரு தாளில் "காரை வட்டாரம், இடம் அறியப்படவில்லை" என்று எழுதி, கல்லின் அடியில் வைத்துவிட்டுச் சென்றார். கல்லும் தாளும் மேசைமேல் இருக்கின்றன.